நேராப் பிடி மேன்

திருவொற்றியூர்ச் சாமிக்கு எழுத்தறியும் பெருமான் என்று ஒரு பெயர் உண்டு. அரசன் ஒருவன், கோயில்கள் எல்லாம் இனி இவ்வளவு வரி கட்ட வேண்டும் என்று ஓலை அனுப்பினானாம். ஓலையைப் பிரித்தால் வரிகளுக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று கூடுதலாக இருந்ததாம். கணக்கனைக் கேட்டால் நான் எழுதவில்லை என்கிறான். ஆனால் கையெழுத்து என்னவோ அவன் கையெழுத்துதான். வள்ளலார் இந்தச் சாமி மேல் 'எழுத்தறியும் பெருமான் மாலை' என்று தனியாகவே ஒரு மாலை பாடியிருக்கிறார்.

டிராயிங் ஆபீசில் காலம் தள்ளியவன் என்ற முறையில் எனக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு குறைதான். மூலப் படியில் யார் கை வைத்தாலும் ஓரத்தில் இருக்கும் திருத்தக் கட்டத்தில் திருத்த எண், தேதி, சுருக்கொப்பம் மூன்றும் போட வேண்டும். சாமி போடவில்லை. எங்கள் சீஃப் பார்த்திருந்தால் ஓலையைத் திருப்பி அனுப்பியிருப்பார்.

சீஃப் என்றால் சீஃப் டிராப்ட்ஸ்மேன். ராயபுரத்து ஆங்கிலோ இந்தியர். இந்தியன் இங்க்கிலேயே வாழ்ந்த அவருடைய வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு மை பட்டு நான் பார்த்ததில்லை. அவர் பேசும் தமிழில் 'மேன்' இல்லாத வாக்கியம் கிடையாது.

1970-களின் நடுவில் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, எண்ணூர் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையில் டிரேசராகச் சேர்ந்தேன். அப்போது ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் சங்குச் சத்தத்தில்தான் பொழுது விடியும். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து லேலண்ட் ஆன கம்பெனி, 1955-இல் வந்த என்ஃபீல்டு, கே.சி.பி., கார்போரண்டம், தீப்பெட்டிக்கு விம்கோ என்று வரிசையாக மதில் சுவர்கள். எந்தச் சங்கு எந்த கேட்டில் ஊதுகிறது என்று தெருப்பிள்ளைகளுக்கே தெரியும். எங்கள் கம்பெனியில் கீழே லேத்தும் பிரஸ்ஸும் ஓடும். மாடியில் டிராயிங் ஆபீஸ். அங்கே ஃபேனைக்கூட மெதுவாகத்தான் சுற்ற விடுவார்கள், தாள் பறக்கும் என்று.

சேர்ந்த உடனே பேனாவைக் கையில் தந்துவிடவில்லை. மாதக்கணக்கில் 2ஹெச் பென்சிலில் எழுத்துப் பழக விட்டார்கள். ஐ.எஸ். 696 என்கிற இந்தியத் தரநிலை சொல்லும் பாணியில் ஏ, பி, சி, டி. ஐ.டி.ஐ.யில் இதையெல்லாம் முடித்துவிட்டுத்தான் வந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். "அது காலேஜ் மேன், இது கம்பெனி" என்றார் சீஃப். ஐ.டி.ஐ.யைக் காலேஜ் என்று சொன்ன ஒரே மனிதர் அவர்தான் என்பதால் சும்மா இருந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஸ்டோரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரோட்ரிங் பேனா கொடுத்தார்கள். ஜெர்மன் சரக்கு. மூடியில் நிற வளையம்: 0.25-க்கு வெள்ளை, 0.35-க்கு மஞ்சள், 0.5-க்குப் பழுப்பு, 0.7-க்கு நீலம். இந்த எண்கள் யாரோ வாய்க்கு வந்தபடி வைத்தவை அல்ல. ஒவ்வொன்றும் முந்தையதைப்போல் சுமார் 1.4 மடங்கு. ஏ0 தாளைச் சுருக்கி ஏ1 ஆக்கினால் 0.7 கோடு 0.5 ஆகிவிடும். விட்டுப்போன ஒரு கோட்டைச் சுருக்கிய படியிலேயே பழுப்பு வளையப் பேனாவால் சேர்த்துவிடலாம், எவனாலும் கண்டுபிடிக்க முடியாது. எழுத்தறியும் பெருமானுக்கு மட்டும்தான் வித்தை தெரியும் என்று யார் சொன்னது?

அந்தப் பேனாவுக்கு நிப் என்று பெயர்தானே ஒழிய, நுனியில் இருப்பது ஊசிக் குழாய். குழாய்க்குள் ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் பின்பக்கம் ஒரு சின்ன எடை. பேனாவை ஆட்டினால் டிக் டிக் என்று சத்தம் வரவேண்டும். வந்தால் உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் மூடாமல் வைத்து மை காய்ந்துவிட்டது, கழற்றி வெந்நீரில் ஊறப்போட வேண்டும். கழற்றும்போது கம்பி வளைந்தால் முடிந்தது கதை. 0.18 கம்பி நாம் பார்க்கும் பார்வைக்கே வளையும்.

இவ்வளவு சீராட்டியதும் ஒரே ஒரு காரியத்துக்காக. அந்தப் பேனாவில் அழுத்திப் போட்டாலும் 0.35, தடவிப் போட்டாலும் 0.35. வரைந்தவன் கோபமாக இருந்தானா, மாசக் கடைசியில் கை கடிக்கிறதா, ராத்திரி தூங்கினானா என்பதெல்லாம் கோட்டில் தெரியக் கூடாது. பென்சில் கோட்டில் தெரிந்துவிடும். தெரிந்தால் சீஃப் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்பார்: "இன்னா மேன், வீட்ல சண்டையா? லைன்ல தெரியுது."

சாய்க்கவும் கூடாது. குழாய் தாளில் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்த்தால் ஸ்கேலுக்கு அடியில் மை ஓடிவிடும். "நேராப் பிடி மேன், அது இன்னா தூங்கவா போவுது?"

கை தாளில் படவும் கூடாது. இதுதான் எங்கள் பக்கத்தில் கஷ்டம். கடற்காற்று ஈரத்தில் டிரேசிங் பேப்பர் உப்பிக்கொண்டு அலை அலையாக எழும்பும். உள்ளங்கை வேர்வை பட்ட இடத்தில் மை ஏறாது. அதனால் கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத் தாள். ஜன்னலை மூடினால் வேர்வை ஊற்றும். திறந்தாலோ, 1970 வாக்கில் ஓட ஆரம்பித்த எண்ணூர் அனல் மின் நிலையத்தின் சாம்பல், காற்று எங்கள் பக்கம் திரும்பும் நாளில் வெள்ளைத் தாளில் வந்து உட்காரும். ஊதினால் எச்சில் தெறிக்கும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால்தான் தட்ட வேண்டும்.

தப்பு வந்தால் அழிக்க வழி உண்டு. பாதி பிளேடு. தாளை மேஜையின் வழவழப்பான இடத்தில் வைத்து, மையை மட்டும் சீவி எடுக்க வேண்டும். சீவின இடம் சொரசொரப்பாகி அடுத்த கோட்டின் மையைக் குடித்துவிடும் என்பதால், கட்டைவிரல் நகத்தால் பலமாகத் தேய்த்து மெருகேற்றிவிட்டு அதன் மேல் போட வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு முறை சீவலாம். மூன்றாவது முறை ஓட்டைதான். ஓட்டை விழுந்த தாளை அம்மோனியா பிரிண்ட் மிஷினில் விட்டால், மஞ்சள் பூச்சுத் தாளில் ஊதா நிறத்தில் அந்த ஓட்டையின் ஓரமும் ஒரு பாகமாக அச்சாகி ஷாப் ஃப்ளோருக்குப் போகும். கீழே இருக்கிறவன் அதையும் அளந்துவிட்டு "இது இன்னா பார்ட்டு சார்?" என்று மேலே ஏறி வருவான்.

இத்தனைக்கும் அதே திருவொற்றியூரில் புல்லட் டாங்கின் பக்கவாட்டில் ஓடும் தங்க நிறக் கோடுகளை, ஸ்கேலும் இல்லாமல் ஸ்டிக்கரும் இல்லாமல், பிரஷ்ஷால் ஒரே இழுப்பில் கையாலேயே போட்டார்கள். மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய கோடு. அந்த வளைவில் கையின் அழுத்தம் தெரியும், தெரிய வேண்டும் என்றுதான் அது அங்கே இருக்கிறது. சீஃப் அதை டிராயிங் என்று ஒத்துக்கொள்ளமாட்டார். "அது மெஹந்தி மேன்."

1982-இல் அமெரிக்காவில் ஆட்டோகேட் வந்தது. எங்கள் மாடிக்கு ஏறி வர அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. வந்த பிறகு கோட்டின் தடிமன் ஒரு எண்ணாகிவிட்டது, மவுஸ் பிடிக்கும் கைக்கு நேரும் சாய்வும் ஒன்றுதான். டிராயிங் போர்டுகள் காயலான் கடைக்குப் போயின. அதில் ஒன்று எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் வந்து சேர்ந்தது. சரிவை நிமிர்த்திப் படுக்க வைத்து, கம்பளி விரித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். ஏ0 அளவு, வேட்டியைப் பாதியாக மடித்தால் சரியாக இருக்கும் என்று அவர் சொன்னதில் பிழையில்லை.

இப்போது பேத்தி அனிமேஷன் படிக்கிறாள். ஸ்டைலஸ் வேண்டும் என்றாள். பேனா விஷயத்தில் இந்தக் குடும்பத்தில் என்னைக் கேட்காமல் யார் முடிவெடுப்பது என்று நானும் கிளம்பினேன். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு எங்களுக்குப் பக்கத்து வீடு. அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தால் வந்துவிடும்.

கடைப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. "அங்கிள், நோட்ஸ் எழுதவா, டிராயிங்கா?" பல பேர் இதைக் கேட்டுக்கொள்ளாமலேயே வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் எடுத்துப் போட்டது ரப்பர் நுனி வைத்தது. நூறு, இருநூறு ரூபாய்க்குள். எந்த ஃபோனிலும் எந்த டேபிலும் எழுதும். ஏனென்றால் திரைக்கு அது பேனாவே அல்ல, இன்னொரு விரல். அழுத்தமும் தெரியாது, சாய்வும் தெரியாது, நம் உள்ளங்கை எது பேனா எது என்றும் தெரியாது. கையை ஊன்றினால் கைக்கும் சேர்த்துக் கோடு விழும். நான் 'அண்ணன்' என்று எழுதிப் பார்த்தேன். ணகரத்துச் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மூன்று சுழியா இரண்டு சுழியா என்று பிரம்மாவுக்கும் தெரியாது. மளிகைக் கணக்குப் போடலாம், கையெழுத்துப் போடலாம், அவ்வளவுதான்.

அடுத்தது பேட்டரி உள்ள பேனா. பேனாவே நுனியிலிருந்து சமிக்ஞை அனுப்பும், திரை அதைப் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது ஜப்பானின் வாகோம் கம்பெனி வளர்த்த முறை, சாம்சங்கின் எஸ் பென் அதில்தான் ஓடுகிறது. திரைக்குப் பின்னால் இருக்கும் பலகை மின்காந்த அலையை விடும். பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். எழுதுவதற்குப் பேனாவில் பேட்டரியே வேண்டாம். வெந்நீரும் வேண்டாம். இதைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே பொறாமையாக இருந்தது.

"இதுல 4096 லெவல் பிரஷர் இருக்கு அங்கிள்."

"அப்படின்னா?"

பேத்திதான் விளக்கினாள். "அழுத்தினா கோடு தடிக்கும் தாத்தா, லேசா வெச்சா மெலியும். சாய்ச்சா பென்சில் ஷேடிங் மாதிரி வரும்."

அழுத்தம் கோட்டில் தெரியாமல் இருப்பதற்கு எனக்குச் சர்வீஸ் முழுக்கச் சம்பளம் கொடுத்தார்கள். இப்போது தெரிவதற்கு நான் காசு கொடுக்க வேண்டும். சாய்த்தால் திட்டு விழுந்தது போய், சாய்ப்பதற்கென்று தனியாக ஒரு வசதி. கைக்கு அடியில் வைத்த துண்டுத் தாளை 'பாம் ரிஜெக்‌ஷன்' என்று பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறார்கள். கடைப் பையனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

4096 என்பது இரண்டை இரண்டால் பதினொரு முறை பெருக்கினால் வருவது, கணிப்பொறிக்காரர்களுக்கு வசதியான எண். 3000-க்கும் 3001-க்கும் வித்தியாசமாக அழுத்தும் கை யாருக்கும் இல்லை. ஆப்பிள் கம்பெனி தன் பென்சிலுக்கு எத்தனை லெவல் என்று சொல்வதே கிடையாது, அதனால் யாரும் வாங்காமலும் இல்லை. நான் பார்க்கச் சொல்வது மறுமுனையை: பேனாவைத் திரையில் பட்டும் படாமலும் வைத்தால் கோடு விழுகிறதா, இல்லை, ஒரு அழுத்து அழுத்தினால்தான் தொடங்குகிறதா? அழுத்தினால்தான் என்றால் 4096-உம் தண்டம்.

என்னிடம் பிளாஸ்டிக் ஸ்கேல் இருந்தது. திரையில் மூலைக்கு மூலை சாய்வாக வைத்து, பேட்டரிப் பேனாவால் மெதுவாக ஒரு கோடு இழுத்தேன். ஸ்கேல் நேராக இருக்கிறது, கோடு படிக்கட்டு ஏறி இறங்கியது. கண்ணாடிக்கு அடியில் இருப்பது குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி வலை. பேனா இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருக்கும்போது அதன் இடத்தை டேப் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. கணக்கு சுமாராக இருந்தால் மெதுவான சாய்வுக் கோட்டில் குட்டு வெளிப்பட்டுவிடும். வேகமான கோட்டில் மறைந்துவிடும்.

"ஸ்பீடா போடுங்க அங்கிள், நேரா வரும்" என்றான் பையன்.

"இது டூப்ளிகேட்டா தம்பி?"

"சேச்சே, ஃபர்ஸ்ட் காப்பி அங்கிள்."

பர்மா பஜாரில் ரோட்ரிங் என்று விற்ற பேனாக்களை அந்தக் காலத்தில் நானும் ஆட்டிப் பார்த்திருக்கிறேன். அங்கே யாரும் ஃபர்ஸ்ட் காப்பி என்று சொன்னதில்லை. "கப்பல்ல வந்தது சார்" என்பார்கள். தொழில் இப்போது நேர்மையாகியிருக்கிறது.

அன்று 0.35 பேனா டிரேசிங் பேப்பரில் எழுதும், கார்ட்ரிட்ஜ் தாளில் எழுதும், ஆத்திரத்துக்கு பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதும். இன்றைய பேனா தாளிடம் ஜாதகம் கேட்கிறது. ஆப்பிள் பென்சில் ஐபேடில் மட்டும்தான் எழுதும், அதிலும் எந்தத் தலைமுறைப் பென்சில் எந்த ஐபேடுக்கு என்று பொருத்தம் பார்க்க வேண்டும். எஸ் பென் தன் மின்காந்த முறை இல்லாத திரையைச் சீண்டாது. எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதட்டும் என்று 2015-இல் யு.எஸ்.ஐ. என்றொரு கூட்டணி தொடங்கினார்கள், ஆப்பிள் அந்தப் பந்தியில் உட்காரவில்லை.

அந்தக் கம்பெனியின் கதையும் அன்றும் இன்றும்தான். 2007-இல் ஐபோனைக் காட்டியபோது, ஸ்டைலஸ் யாருக்கு வேண்டும் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் மேடையில் கிண்டல் செய்தார். அவர் காலத்துக்குப் பின், 2015-இல், அதே கம்பெனி ஆப்பிள் பென்சிலை விற்றது. 2023-இல் அதில் விலை குறைந்த யு.எஸ்.பி.-சி பென்சில் ஒன்று வந்தது. அதற்கு அழுத்தம் தெரியாது. எப்படி அழுத்தினாலும் ஒரே கோடு. எங்கள் சீஃப் கேட்ட பேனா கடைசியில் மலிவு விலைப் பதிப்பாக வந்து சேர்ந்திருக்கிறது. சாய்வை மட்டும் அது அறியும், அதையும் பிடுங்கியிருந்தால் அவர் ஆத்மா சாந்தியடைந்திருக்கும்.

பேனா நகர்வதற்கும் கோடு தெரிவதற்கும் நடுவிலுள்ள தாமதம் வேறு ஒரு பெரிய பேச்சு. 2019-இல் ஆப்பிள் அதை 20 மில்லி செகண்டிலிருந்து 9-க்குக் குறைத்தோம் என்று அறிவித்தது. ஓலையில் எழுதியவர்களுக்கு எழுதும்போது எழுத்தே கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. கீறி முடித்துவிட்டுக் கரியோ பச்சிலைச் சாறோ தடவின பிறகுதான் தெரியும். அழுத்தம் அறியும் தாளும் அதுதான். புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியையே விட்டுவிட்டார்கள். அப்புறம் படிக்கிறவன் பாடு.

பேத்தியிடம் ஏற்கெனவே இருந்த டேப் எந்தப் பேட்டரிப் பேனாவையும் ஏற்காத ஜாதி என்பது இவ்வளவு பேச்சுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்டைலஸ் வாங்கப் போன நாங்கள், பேனா பெட்டிக்குள்ளேயே வரும் சாம்சங் டேப் ஒன்றோடு திரும்பினோம். தனியாக நல்ல பேனா வாங்கினால் பத்தாயிரத்துக்கு மேல் போவதும் உண்டு என்பதால் கணக்கு அப்படியொன்றும் மோசமில்லை. சாய்வுக் கோட்டில் லேசாக ஆடியது, பொறுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வழுக்குகிறது, காகிதத்தில் எழுதுகிற மாதிரி இல்லை என்று சொரசொரப்பான படலம் ஒன்றை அதன் மேல் ஒட்டினாள். அது நிப்பைத் தின்னும். நிப்பை இடுக்கியால் பிடுங்கிவிட்டு வேறு செருகிக்கொள்ளலாம். எங்கள் ஸ்டோரில் போட்ட கையெழுத்தை நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவள் கார்ட்டூன் உருவம் ஒன்றுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தப்பானால் இரண்டு விரலால் ஒரு தட்டு, கோடு போன இடம் தெரியவில்லை. சீவவும் வேண்டாம், நகத்தைத் தேய்க்கவும் வேண்டாம். ஆனால் அழுத்தியும் அழுத்தாமலும் அவள் இழுத்த கோடெல்லாம் ஒரே தடிமனில் விழுந்தது. என்னம்மா, 4096 வேலை செய்யலையா என்று கேட்டேன்.

"அவுட்லைனுக்குப் பிரஷர் இருந்தா அசிங்கமா இருக்கு தாத்தா. ஆஃப் பண்ணிட்டேன்."

எந்த பிரஷ் என்று எட்டிப் பார்த்தேன். டெக்னிக்கல் பென் என்று போட்டிருந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு என் அபிப்பிராயம் இதுதான். எழுத மட்டும் என்றால் அழுத்தம் அறியும் பேனாவுக்குக் காசைக் கொட்டாதீர்கள், உள்ளங்கையை ஊன்ற விடுகிற பேனா போதும். வரைய என்றால் அழுத்தம் இல்லாததை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும், தொடாதீர்கள். கோடு போடும்போது அணைத்துக்கொள்ளலாம், நிழல் போடும்போது அது இல்லாமல் முடியாது. இருக்கிற டேபின் பெயரையும் மாடலையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கடையில் வேகமாகக் கிறுக்கி ஏமாறாமல் மெதுவாகச் சாய்வுக் கோடு போடுங்கள், 'அண்ணன்' என்று எழுதுங்கள். கடைசியாக, மாற்று நிப் கடையில் இப்போது இருக்கிறதா என்று கேளுங்கள். "அப்புறம் வரும் சார்" என்றால் அடுத்த கடைக்கு நடங்கள். ரிச்சி தெருவில் கடைக்கா பஞ்சம்?